காளியாயி வாக்கில் வாங்கிய அட்டிகைகள்

இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, கோச்சி ரயில் மூச்சு வாங்கி ஏறும் சரிவில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் காளியாயி. கழுத்திலும் காதிலும் ஒரு பொட்டு நகை கிடையாது. ஆனால் அந்தத் தோட்டத்தில் எந்தப் பெண் நகை வாங்கினாலும் முதலில் காளியாயி கையில் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள்.

நகை பார்க்கத் தெரிந்தவள் என்ற பெயர் அவளுக்கு வந்த விதம் கொஞ்சம் கசப்பானது. பதினேழு வயதில் மூக்கனுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஆறு வருஷம் கழித்து ஒரு காற்றுமழை நாளில், மலையில் சாய்ந்த மரத்துக்கு அடியில் மூக்கன் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்து தாலிப்பொன்னை விற்கத் தலவாக்கலைக்குப் போனபோது, பஜாரில் இருந்த ஆசாரி அதைக் கல்லில் உரைத்துப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"பாதிக்கு மேல செம்பும்மா. யாரு வாங்கிக் குடுத்தது?"

அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. தோட்டத்துக்கு மூட்டை கட்டி வந்த ஒரு வியாபாரியை நம்பி வாங்கியது. ஆறு வருஷம் செம்பைக் கட்டிக்கொண்டுதான் மஞ்சள் பூசியிருக்கிறாள். அப்பாவிடம் போய்ச் சொல்லவும் வழியில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில், "ஊருக்குப் போய்ச் சொந்தக்காரங்களப் பாத்துட்டு வந்துர்றோம்" என்று அவரும் அம்மாவும் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். திரும்பி வர அனுமதித் துண்டு கொடுக்கமாட்டோம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. இருவரும் அக்கரையில், இந்தியாவிலேயே நின்றுவிட்டார்கள்.

அன்றிலிருந்து டவுனுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் காளியாயி அந்த ஆசாரியின் பட்டறை ஓரத்தில் குந்திக்கொள்வாள். எது பொன், எது முலாம், பற்றவைத்த இடம் எப்படி இருக்கும், கொக்கியை ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அவர் உயிரை வாங்கினாள். தொல்லை பொறுக்காமல் உடைந்த உரைகல் துண்டு ஒன்றை அவள் கையில் போட்டு அனுப்பினார் ஆசாரி. லயத்து வரிசைவீடுகளில் இருந்த பெண்களுக்கு அது போதுமாக இருந்தது. அவர்களுக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. காளியாயி தாலி அறுத்தவள். நகையை ஆசைப்பட்டுப் பார்க்க மாட்டாள். அவள் கண் சுத்தமான கண்.

அவள் குடியிருந்த காம்பரா மூக்கனின் அண்ணன் சோலைமலை பெயரில் இருந்தது. ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற திறந்த திண்ணை. அறையின் ஒரு மூலையைச் சாக்குத் துணியால் மறைத்து, அந்த மறைப்புக்குள் காளியாயியை இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் சம்பளம் சோலைமலை கைக்குப் போகும். வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்றால் இங்கே பதிவில் இருக்கும் பெயரை வெட்டிக்கொடுக்க வேண்டும். ஆம்பிளைத் துணையில்லாத ஒருத்திக்கு எந்தத் தோட்டம் காம்பரா கொடுக்கும்? அக்கரைக்குப் போவதற்கோ காகிதம் இல்லை. இங்கேயே இருக்கவும்தான் பிரஜாவுரிமைக் காகிதம் இல்லை. இருபத்தேழு வயதில் அவளுக்கு இருந்தது அந்தச் சாக்கு மறைப்பும், நகை பார்த்துச் சொல்கிறவள் என்ற பெயரும்தான்.

ஐம்பத்தாறாம் வருஷம் பொங்கலுக்கு, தோட்டத்துப் பெண்கள் சிலர் அட்டனுக்குக் கோச்சியில் போய் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்த பிறகு கதையைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. ராணி வேஷம் கட்டியவள் கழுத்தில் கிடந்த அட்டிகையைப் பற்றித்தான் பேச்சு. சிவப்புக் கல் வரிசையாக வைத்து, நடுவில் தோகை விரித்த மயில் பதக்கம். புதுசாகக் கல்யாணம் ஆன லெட்சுமி, பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் இருந்த அந்தப் படத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலையில் தகரப்பெட்டியோடு ஒரு வியாபாரி வந்தார். பெயர் செல்லசாமி என்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. ராக்காயி வீட்டு இஸ்தோப்பில் ஒரு பட்டுத்துணியை விரித்து, பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். அதே சிவப்புக் கல். அதே மயில்.

"படத்துல பாத்தது இதுதானே? நல்லாப் பாருங்க தாயி."

பெண்கள் மூச்சு விடவில்லை. ராக்காயி அந்த லயத்தில் கொஞ்சம் அதிகாரமாகப் பேசுகிறவள். துணிமேல் நீண்ட கைகளையெல்லாம் தட்டிவிட்டு, "காளியக் கூப்பிடுங்கடி" என்றாள்.

காளியாயி வந்தாள். நகையைத் தொடவில்லை. ஆளைப் பார்த்தாள்.

"நேத்து எங்க தங்கினீங்க?"

அவர் சிரித்தார். "என்னம்மா, போலீஸ்காரர் மாதிரிக் கேக்குறீங்க?"

"தங்கின எடத்தைச் சொல்லாதவருகிட்ட வாங்கினா, நாளைக்கு எங்க போயி யாரைக் கேக்கிறது?"

"நியாயந்தான். நானுஓயாவுல, ஸ்டேஷனுக்குப் பின்னாடி, கோழிக்கடைக்காரர் வீட்டு அறையில தங்கியிருக்கேன். எப்ப வேணும்னாலும் வந்து கேளுங்க."

"இது என்னா பொருளு?"

செல்லசாமி பெட்டியில் இருந்த சின்ன அரத்தை எடுத்தார். யாரும் கேட்காமலே கொக்கியின் ஓரத்தை இரண்டு இழுப்பு இழுத்து அவளிடம் நீட்டினார். மஞ்சளுக்கு அடியில் சிவப்பாகத் தெரிந்தது.

"உள்ள செம்பு. மேல தங்கத் தண்ணி காட்டினது. கல்லு கண்ணாடி. இதைத் தங்கமின்னு நான் சொன்னா என் நாக்கு அழுகிப் போகும்."

எத்தனையோ வியாபாரிகளைப் பார்த்தவள் காளியாயி. எல்லோரும் பித்தளையைப் பவுன் என்று சத்தியம் செய்தவர்கள். தன் சரக்கைத் தானே அரத்தால் அராவிக் காட்டிய ஆளை அவள் பார்த்ததில்லை. அப்பா காலத்தில் இப்படி ஒருவன் வந்திருக்கக்கூடாதா என்று மனசில் ஓடியது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"எம்புட்டு நாளு தாங்கும்?"

"ஒரு வருஷத்துக்கு நிறம் மாறாது. அதுக்குள்ள கறுத்தா, ஆடி மாசம் நான் இந்தப் பக்கம் வருவேன், வேற மாத்தித் தாரேன்."

"முன்ன வாங்கினவங்க யாரும் இருக்காங்களா?"

"வட்டகொடை ஸ்டேஷன் போர்ட்டர் சம்சாரம், மரியநாயகின்னு பேரு. போன வருஷம் வாங்கினாங்க. போயிப் பாருங்க."

காளியாயி பெண்கள் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கு யாரும் வாங்க வேணாம். அடுத்த தடவ வரட்டும்."

லெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் காளியாயி சொன்னால் சொன்னதுதான். செல்லசாமி முகம் சுளிக்காமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு காளியாயி ஸ்டேஷனுக்கு நடந்தாள். மரியநாயகி நல்ல மாதிரி. விஷயத்தைச் சொன்னதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பஞ்சு சுற்றிய பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். அட்டிகை நேற்று வாங்கியதுபோல மின்னியது.

"வாங்கி ஒரு வருஷமாச்சுங்க. அப்படியே இருக்கு பாருங்க."

காளியாயி கையில் வாங்கிப் பார்த்தாள். அதே கொக்கி. அதே பற்று. நிறம் ஒரு இடத்திலும் மங்கவில்லை. அவளுக்குத் திருப்தியாகிவிட்டது.

பங்குனியில் செல்லசாமி மறுபடி வந்தபோது, "நல்ல ஆளு. பொய்ச் சரக்கைப் பொய்யின்னே சொல்லி விக்கிறாரு. வாங்கலாம்" என்றாள். பதினான்கு பெண்கள் வாங்கினார்கள். ஒவ்வொன்றும் ஒரு வாரச் சம்பளம். லெட்சுமி இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்து காளியாயி கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெண்கள் அவரவர் காம்பராவுக்குப் போன பிறகு, பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த செல்லசாமி, ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இது ஒங்களுக்கு."

"எனக்கு எதுக்கு? நான் அறுத்தவ."

"போடச் சொல்லல தங்கச்சி. வச்சிருங்க. ஒங்க வாயால இன்னைக்கு என் பெட்டி காலியாச்சு."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கை எடுத்துவிட்டது. பின்னாளில் எத்தனையோ தடவை அந்த நிமிஷத்தை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அந்த ஆள் மேல் ஆசையா என்றால் இல்லை. முகம்கூட அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கூலி என்று வாங்கினாளா என்றால் அதுவும் இல்லை. கழுத்தில் ஒன்று கனமாகக் கிடந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவ்வளவுதான்.

பழைய துணியில் சுற்றி அரிசித் தகரத்துக்கு அடியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சோலைமலையும் அவன் பெண்சாதி மீனம்மாவும் கடைத்தெருவுக்கு இறங்கியதும், கதவைச் சாத்திவிட்டு எடுப்பாள். மூக்கன் முகம் மழிக்க வைத்திருந்த கைக்கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, அட்டிகையைப் போட்டுக்கொண்டு பார்ப்பாள். கண்ணாடி சின்னது. கழுத்து தெரிந்தால் முகம் தெரியாது. பக்கத்துக் காம்பராவில் யாராவது இருமினாலும் முந்தானையால் மூடிக்கொள்வாள். தடுப்புச் சுவருக்கு மேலே கூரை வரைக்கும் வெறும் வெளிதானே. ஒரு வெற்றிலை போடும் நேரம் இருக்கும். பிறகு துடைத்து, சுற்றி, தகரத்துக்கு அடியில் வைத்துவிடுவாள்.

மாரியம்மன் திருவிழாவில் பதினான்கு மயில்கள் தேருக்கு முன்னால் வரிசையாகப் போயின. கணக்கப்பிள்ளை வீட்டு அம்மாவே ராக்காயியை நிறுத்தி எங்கே வாங்கினது என்று விசாரித்தாளாம். திருவிழா முடிந்தும் பெண்களுக்குக் கழற்ற மனசு வரவில்லை. மலை வேலைக்கும் போட்டுக்கொண்டு போனார்கள்.

வைகாசி கடைசியில் மழை பிடித்தது. அந்தப் பக்கத்து மழை ஒருநாள் பெய்து விடுகிற மழையல்ல. காலையில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினால் ஈரத்தோடே நின்று, ஈரத்தோடே பறித்து, ஈரத்தோடே இறங்க வேண்டும். கூடைக் கயிறு நெற்றியில் அழுந்த, வேர்வையும் மழையும் சேர்ந்து கழுத்தில் வழியும். ஆனி பிறந்தபோது மயில்களின் தோகை மங்கியது. ஆடியில் கறுத்தது. கழுத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு விழுந்து அரித்தது. லெட்சுமிக்கு அது புண்ணாகி, தலையைத் திருப்ப முடியாமல் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

"ஆடிக்குள்ள வாரேன்னாரு. வந்து மாத்திக் குடுப்பாரு" என்று காளியாயி பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாள்.

ஆடி முழுக்கச் செல்லசாமி வரவில்லை. கடைசி ஞாயிறு காளியாயி யாரிடமும் சொல்லாமல் கோச்சி ஏறி நானுஓயா போனாள். ஸ்டேஷனுக்குப் பின்னால் கோழிக்கடை இருந்தது. கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"செல்லசாமியா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதும்மா."

"ஒங்க வீட்டு அறையிலதான் தங்கியிருக்கிறதாச் சொன்னாரு. தகரப்பெட்டி வச்சிருப்பாரு."

"இங்க அறை எல்லாம் வாடகைக்கு விடுறதில்ல. போம்மா, வியாபாரத்தைக் கெடுக்காத."

ஸ்டேஷன் பெஞ்சியில் வந்து உட்கார்ந்தாள். தங்கின இடமே பொய். முதல் கேள்விக்கே பொய். அதை நம்பி மற்ற எல்லாவற்றையும் அவள் நம்பியிருக்கிறாள். இப்போது திரும்பிப் போய் என்ன சொல்வது? போகாமல் இருக்கவும் அவளுக்கு வேறு இடம் எது?

லயத்தில் யாரும் அவளை நேரே வைது பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பீலிக்கு அவள் குடத்தோடு வந்தால் பேச்சு நிற்கும். மலையில் அவளுக்குப் பக்கத்து நிரையில் நிற்க யாரும் வருவதில்லை. நிறுவைக்குக் கூடையை இறக்கும்போது, "காளியாயி வாக்கு" என்று எவளோ பின்னால் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். விடியலில் தப்புமேளம் அடித்து எழுப்புவது முதல் விளக்கு அணைகிற வரைக்கும் அதே இருபது முகங்கள். விலகிப் போய் நிற்க அந்த மலையில் ஒரு அடி இடமில்லை.

ஆவணியில் ஒருநாள் மீனம்மா எலி புகுந்துவிட்டது என்று அரிசித் தகரத்தை நகர்த்தினாள். துணிச்சுருள் கையில் அகப்பட்டது. பிரித்தாள். கொஞ்சமும் கறுக்காத மயில் ஒன்று அவளைப் பார்த்து மின்னியது.

காளியாயி மலையிலிருந்து இறங்கியபோது பீலியடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். மீனம்மா கையில் அட்டிகை தொங்கியது.

"இது யாருதுடி?"

காளியாயி கூடையை இறக்கவில்லை. "எனக்குக் குடுத்தாரு."

"ஒனக்கு எதுக்குக் குடுத்தான்?"

"வாங்கலாமின்னு சொன்னதுக்கு."

"எங்களுக்கு எல்லாம் செம்பு, ஒனக்கு மட்டும் பவுனு!" என்றாள் ராக்காயி. "அறுத்தவ, ஆசப்பட மாட்டான்னு நம்பினோமே காளி. ஒன் வாயை வாடகைக்கு விட்டுட்டியே."

"பவுனு இல்லக்கா. இதுவும் அதே சரக்குத்தான்."

"பின்ன ஏன் கறுக்கல?"

இஸ்தோப்பில் நின்ற சோலைமலை அங்கிருந்தே கத்தினான். "எந்தம்பி செத்து நாலு வருஷந்தான் ஆச்சு, அதுக்குள்ள ஊரு தெரியாத பயகிட்ட நகை வாங்கி வச்சிருக்கியா? இன்னும் என்னென்ன வாங்கின?"

தலவாக்கலை ஆசாரியிடம் உரைத்துப் பார்க்கட்டும் என்று மட்டும் சொன்னாள் காளியாயி.

ஞாயிற்றுக்கிழமை ராக்காயியும் மீனம்மாவும் முன்னால் நடக்க, காளியாயி பின்னால் போனாள். ஆசாரி அட்டிகையைக் கல்லில் உரைத்து, ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். பச்சையாக நுரைத்தது. துடைத்து, காளியாயி கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"கவரிங்கு. ஒனக்கே தெரியுமே காளியாயி, எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தே?"

"என் வாயால சொன்னா இப்ப யாரும் நம்ப மாட்டாங்க ஆசாரி."

திரும்பும் வழியில் ராக்காயி நின்றாள். "சரி, செம்புதான். எங்க கழுத்துல கறுத்தது, ஒன் தகரத்துல மட்டும் ஏன் மினுங்குது? ஒனக்கு ஒசத்தி முலாம் போட்டுக் குடுத்தானா?"

"நான் போட்டுக்கிட்டு வேல செய்யல. மழையில நனையல."

"போடாத நகையை ஏன் ஒளிச்சு வச்ச?" என்றாள் மீனம்மா. "போடவும் முடியாது, விக்கவும் முடியாது. அப்ப எதுக்கு? நீயே சொல்லேன்."

கண்ணாடியும் சாத்திய கதவும் காளியாயி கண்முன் வந்தன. அதைச் சொல்வதைவிடத் திருடி என்று பெயர் வாங்குவது மேல் என்று தோன்றியது. அவர்களை முந்திக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் விடியலில் தப்பு அடித்தார்கள். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், பனி விலகுமுன்னே, ஆட்கள் வரிசையாக நின்றார்கள். காளியாயி கூடையோடு வந்தாள். கழுத்தில் அட்டிகை கிடந்தது.

கங்காணி பெயர் கூப்பிடுவதை நிறுத்தினார். "என்னா கோலம் இது?"

"நகைங்க."

"தெரியுது. தாலி அறுத்தவ போடுறதா இது?"

"கறுக்குதா, கறுக்கலையான்னு பாக்கணுமுங்க. எல்லாரும் பாக்கட்டுமின்னுதான் போட்டிருக்கேன்." கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டாள். "கறுக்கிற வரைக்கும் கழட்ட மாட்டேன்."

சோலைமலை வரிசையை விட்டு ஓடிவந்து கையை ஓங்கினான். பெரட்டுக்களத்தில் அடிதடி என்றால் துரை காதுக்குப் போய்விடும் என்று பயந்து, கங்காணி குறுக்கே நின்று அவனைத் தள்ளிவிட்டார். அன்று வேலை முடிந்து வந்தபோது காளியாயியின் பாயும் கம்பளியும் இரண்டு சட்டியும் இஸ்தோப்பில் கிடந்தன. உள்ளே வர வேண்டாம் என்று மீனம்மா கதவுக்குள் நின்று சொன்னாள். அதன்பிறகு அவள் சமைத்ததும் படுத்ததும் அந்தத் திறந்த இஸ்தோப்பில்தான். சாரல் அடித்தால் மூலைக்கு ஒதுங்கிக்கொள்வாள்.

கழுத்தைத் துடைக்காமல் பறித்தாள். கம்பளியைச் சரியாகப் போர்த்தவும் இல்லை. முதல் நாலு நாள் ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் பார்க்காததுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்தாம் நாள் அவளுக்கே பயம் வந்தது. உண்மையிலேயே அந்த ஆள் தனக்கு மட்டும் உயர்ந்த சரக்காகக் கொடுத்திருந்தால்? மாதக்கணக்காகத் தகரத்தில் கிடந்து தேயாமல் இருக்கிற முலாம், கறுக்க இன்னும் எத்தனை மாதம் எடுக்குமோ? தன் நகை சீக்கிரம் கெட்டுப்போக வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவள் அந்த மலையில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஒன்பதாம் நாள் கொக்கி பழுப்பேறியது. இரண்டாவது வாரம் தோகை தவிட்டு நிறமாகி, கழுத்தில் பச்சைக் கோடு விழுந்தது. அரிப்பு எடுத்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிறகு தோல் வெடித்து நீர் கசிந்தது. கூடைக் கயிறு இழுக்கும்போதெல்லாம் அட்டிகை புண்ணில் உரசும்.

முதலில் பேசியவள் லெட்சுமி. பறித்துக்கொண்டே நிரை மாறி அவள் பக்கத்தில் வந்தாள்.

"போதுங்கக்கா, கழட்டுங்க. எனக்கு வந்த மாதிரிச் சீழ் பிடிச்சிரும்."

"ராக்காயி அக்கா பாக்கட்டும்."

"அவங்க தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்கதான் தலை நிமிர்றதில்ல."

பதினெட்டாம் நாள் சாயந்திரம் பீலியடியில் ராக்காயி குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் வந்தாள். ஒரு விரலால் மயில் பதக்கத்தைத் தூக்கிப் பார்த்தாள். தன் மடியிலிருந்து கறுத்துப்போன தன் அட்டிகையை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். எது யாருடையது என்று சொல்ல முடியாது.

"ஒரே சரக்குத்தான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு, "கழட்டு புள்ள" என்றாள்.

காளியாயி கையைப் பின்னால் கொண்டுபோனாள். கொக்கி களிம்பு பிடித்து இறுகியிருந்தது. ராக்காயி தன் கொண்டை ஊசியை எடுத்து, புண்ணில் படாமல் நெம்பி நெம்பி அவிழ்த்தாள். தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவரச் சொல்லித் தன் கையாலேயே தடவிவிட்டாள். அதை எதற்கு ஒளித்து வைத்தாய் என்று அன்று அவள் கேட்கவில்லை. எண்ணெய் தடவும்போது மெதுவாக, "எனக்கும் அறுத்தவ ஒருத்தி தங்கச்சி இருந்தா" என்று மட்டும் சொன்னாள்.

கெட்ட பெயர் போயிற்று. போன மதிப்பு மட்டும் வரவில்லை. அவள் குடத்தோடு வந்தால் பீலியடியில் பேச்சு நிற்கவில்லை. பக்கத்து நிரையில் ஆள் நின்றார்கள். ஆனால் புரட்டாசியில் வளையல்காரர் வந்தபோது யாரும் காளியாயியைக் கூப்பிடவில்லை. ஏமாற்றுக்காரி இல்லை, ஏமாந்தவள் என்று ஆகிவிட்டது. ஏமாந்தவளிடம் யார் யோசனை கேட்பார்கள்? சோலைமலையும் ஐப்பசி மழைக்கு அவளை உள்ளே விட்டான். அவள் வேறு பக்கம் ஒதுங்கிவிட்டால் சம்பளம் கைக்கு வருவது நின்றுபோகும் என்ற கணக்கு அவனுக்கு. சாக்கு மறைப்பு இருந்த இடத்தில் விறகு அடுக்கியிருந்தார்கள். அதை ஒதுக்கிவிட்டுப் பாயை விரித்துக்கொண்டாள்.

கார்த்திகையில் ஒருநாள் வட்டகொடைக் கடையில் போர்ட்டர் சம்சாரம் மரியநாயகியைக் கண்டாள். அவளே கூப்பிட்டாள்.

"ஒங்களுக்குச் சேதி தெரியுமாங்க? அந்தக் கவரிங்கு வியாபாரியப் பிடிச்சிட்டாங்களாம்."

"எப்ப?"

"ஆனி மாசமே. எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு நானுஓயாவுல வேலையில இருந்தாரு. கண்ணால பாத்தாரு. காகிதம் இல்லாமக் கடல் தாண்டி வந்த கள்ளத்தோணின்னு சொல்லி, வெலங்கு போட்டுக் கொழும்புக் கோச்சியில ஏத்தினாங்களாம். கோழிக்கடைக்காரரு எடம் குடுத்ததுக்காக அவரையும் ரெண்டு நாளு வச்சு விசாரிச்சிருக்காங்க. பாவம், அந்த ஆளு இப்ப யாரு கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்றாராம்."

காளியாயி இன்னும் கிட்டே போனாள். "பெட்டி?"

"பெட்டியப் போலீஸ்காரர் கொண்டு போனாராம். உள்ள என்னா இருந்துச்சோ, யாரு கண்டா."

காளியாயி கேட்டாள். "நீங்க அந்த அட்டிகைய எத்தன தடவ போட்டிருப்பீங்க?"

"ஏசு பொறந்த நத்தாருக்கு ஒருக்கா, ஈஸ்டருக்கு ஒருக்கா. கோயிலுக்குப் போயி வந்ததும் கழட்டிப் பஞ்சுல வச்சிருவேன். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்றாள் காளியாயி.

மறுநாள் மலையில் ராக்காயியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ராக்காயி இரண்டு செடி பறித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப அவன் நல்லவனா, கெட்டவனா? பிடிக்காம விட்டிருந்தா வந்து மாத்திக் குடுத்திருப்பானா?"

"தெரியலக்கா. தங்கின எடத்தை நெசமாத்தான் சொல்லியிருக்காரு. செம்பைச் செம்புன்னுதான் சொன்னாரு. மலையில போட்டா ஒரு மழைக்குத் தாங்காதுன்னு அவருக்குத் தெரியுமா, தெரியாதா, அதுதான் எனக்குத் தெரியல. நானும் கேக்கல."

"நம்மளையும் ஒருநாளு அப்படித்தான் கோச்சியில ஏத்துவானுங்க" என்றாள் ராக்காயி. "ஒனக்கும் காகிதம் இல்ல, எனக்கும் இல்ல."

மேலேயிருந்து கங்காணி, நிரையை விட்டு என்ன பேச்சு என்று சத்தம் போட்டார். இருவரும் பிரிந்து அவரவர் நிரைக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகும் காளியாயி அந்த லயத்திலேதான் இருந்தாள். நகை பார்த்துச் சொல்ல மறுபடி இரண்டொருத்தர் கூப்பிட்டபோது, எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். உரைகல் துண்டை ஆசாரியிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். கழுத்துப் புண் ஆறியது; தோலில் மட்டும் தடிப்பாக ஒரு வரி நின்றுவிட்டது. அடுத்த திருவிழாவுக்கு லெட்சுமி கடைத்தெருவில் கண்ணாடித் தோடு ஒரு சோடி வாங்கிவந்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்றபோதும் காதில் போட்டுவிட்டாள். காளியாயி பயந்துகொண்டே வெளியே வந்தாள். மீனம்மா பார்த்தாள், உதட்டைச் சுழித்தாள், உள்ளே போய்விட்டாள். கங்காணி மறுநாள் பெயர் கூப்பிட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. பெரட்டுக்களத்தில் ஒருமுறை அட்டிகையோடு நின்றவளைத் தோட்டுக்காக யார் என்ன கேட்பது என்று விட்டுவிட்டார்கள் போலும்.

சம்பளம் சோலைமலை கைக்கே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் மீனம்மாவும் கடைத்தெருவுக்கு இறங்கிப் போனபின், காளியாயி கதவைத் திறந்து வைத்து, இஸ்தோப்பில் உட்கார்ந்து, மூக்கனின் கைக்கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொள்வாள்.